மத்தியான சீரியலில் இருந்தவர்கள்

சென்ற இதழில் ஒரு வாசகர், சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டிருந்தார். ‘லவ் ஆஃப் லைஃப்’ என்ற அமெரிக்கப் பகல்நேர சீரியலில் இரண்டு பெண்டாட்டிக்காரனாக வந்து தாய்மார்களின் சாபத்தை வாங்கிக்கொண்டிருந்தார் என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், அரசியல் பற்றி இரண்டு பக்கம் எழுதியபோதுகூட இத்தனை வரவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான்.

கேள்வி: சீரியல் என்றால் சீரியல்தானே சார்? அமெரிக்காவில் மட்டும் ஏன் பகல், ராத்திரி என்று சாதி பிரிக்கிறார்கள்?
– இல்லத்தரசி ஒருவர்

சாதி என்று நீங்கள் சொன்னது பொருத்தமான வார்த்தைதான். அங்கே ராத்திரி எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும்தான் பிரைம் டைம். வேலைக்குப் போனவர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து உட்காரும் நேரம், விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கிடைக்கும் நேரம், அதனால் தயாரிப்புக்கும் கூடுதல் காசு. ஒரு பிரைம் டைம் தொடர் வருஷத்துக்கு இருபது சொச்சம் எபிசோட் எடுப்பார்கள், ஒரு எபிசோடுக்கு ஒரு வாரத்துக்கு மேல்கூட எடுத்துக்கொள்வார்கள். பகல் சீரியலோ வாரத்துக்கு ஐந்து நாள், வருஷத்துக்குச் சுமார் 250 எபிசோட், நிற்காத ஓட்டம்.

ஆரம்பத்தில் இது வானொலிக் கதை. வீட்டிலிருக்கும் பெண்கள் கேட்பார்கள் என்று 1930-களில் சோப்பு, சலவைத்தூள் கம்பெனிகள் காசு போட்டு நாடகம் நடத்தின, அந்தப் பெயரே சோப் ஓபரா என்று ஒட்டிக்கொண்டது. பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்பு கம்பெனி விளம்பரம் கொடுத்ததோடு நிற்காமல் சீரியலையே சொந்தமாகத் தயாரித்தது. அவர்களுடைய ‘கைடிங் லைட்’ 1937-ல் வானொலியில் தொடங்கி, 1952-ல் டிவிக்கு வந்து, 2009-ல்தான் முடிந்தது. 72 வருஷம்! நம்முடைய சீரியல்களை இழுவை என்று திட்டுபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

எம்மி என்பது அமெரிக்க டிவிக்காரர்களுக்குத் தரும் பெரிய விருது. 1974-லிருந்து பகல் நிகழ்ச்சிகளுக்குத் தனி எம்மி விருது விழாவே நடக்கிறது. மரியாதை செய்வதற்காக என்று சொன்னார்கள். தனிப்பந்தி போட்டது போலவும் ஆகிவிட்டது.

கேள்வி: பகல் சீரியலில் ஓவர் ஆக்டிங் தவிர வேறு என்ன இருக்கிறது? அங்கிருந்து எப்படி இவ்வளவு நல்ல நடிகர்கள் வந்தார்கள்?
– கல்லூரி மாணவர்

தம்பி, ஒரு நாள் அந்த செட்டில் நின்று பார்த்துவிட்டு இதைக் கேட்க வேண்டும். காலையில் மேக்கப், ஒத்திகை, அப்புறம் இரண்டு மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓட, முக்கியமான கேரக்டர் என்றால் ஒரே நாளில் முப்பது பக்கம் வசனம்கூடப் பேச வேண்டிவரும். பெரும்பாலும் ஒரு டேக், தப்பினால் இரண்டு. அடுத்த நாள் வேறு முப்பது பக்கம். அழச் சொன்னால் உடனே அழ வேண்டும், அதுவும் நேற்று என்ன காரணத்துக்காக அழுதோம் என்று மறந்துபோயிருக்கும் நிலையில். இந்த வேகத்தில் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தவருக்குக் கேமரா பயம் சுத்தமாகப் போய்விடும், வசனம் மனப்பாடம் ஆவது ஒரு பிரச்சினையாகவே இருக்காது. அங்கே மட்டம் என்று எனக்குத் தோன்றுவது பெரும்பாலும் எழுத்துதான். கோமாவிலிருந்து எழுந்து, தன் கணவனின் இரட்டைச் சகோதரனைக் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணாக யார் நடித்தாலும் கொஞ்சம் ஓவராகத்தான் இருக்கும்.

கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும், அதையும் சொல்ல வேண்டும். விளம்பர இடைவேளைக்கு முன்னால் குளோசப்பில் முகத்தை உறைய வைத்துக்கொண்டு நிற்பது, எல்லா உணர்ச்சியையும் புருவத்திலேயே முடித்துவிடுவது, இதெல்லாம் சினிமாத் திரையில் அப்பட்டமாகத் தெரியும். வெளியே வந்தவர்கள் முதலில் மறக்க வேண்டியிருந்தது இதைத்தான்.

இன்னொரு முக்கியமான காரணம் ஊர். அந்தக் காலத்தில் பெரும்பாலான பகல் சீரியல்கள் நியூயார்க்கில் எடுக்கப்பட்டன. பகலில் சீரியல், ராத்திரி பிராட்வே என்ற நியூயார்க் நாடக மேடை. ரீவ் அப்படித்தான், 1976-ல் கேத்தரின் ஹெப்பர்ன் என்ற மகா நடிகையோடு நாடகத்தில் நடித்துக்கொண்டே சீரியலிலும் நடித்தார். மேடையில் பழகியவர்களுக்கு வாடகை கொடுக்கச் சீரியல், சீரியல்காரர்களுக்கு மலிவாகப் பயிற்சி பெற்ற நடிகர்கள். இரண்டு பக்கமும் லாபம்.

கேள்வி: பகல் சீரியலில் நடித்து ஆஸ்கர் வாங்கியவர்கள் யார் யார்?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

தேர்வில் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். டாமி லீ ஜோன்ஸ் 1971 முதல் 1975 வரை ‘ஒன் லைஃப் டு லிவ்’ சீரியலில் டாக்டர். மரிசா டோமே ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ சீரியலில் 1983-லிருந்து இரண்டு வருஷம். மார்கன் ஃப்ரீமன் ‘அனதர் வேர்ல்டு’ சீரியலில் சேர்ந்தபோது வயது 45, அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த சினிமா எல்லாம் அதற்கப்புறம்தான். ஜூலியான் மூர் 1985-லிருந்து 1988 வரைக்கும் ‘ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்’ சீரியலில் இரட்டை வேஷம் போட்டு, அதற்குப் பகல் எம்மியும் வாங்கி, 2015-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரையும் வாங்கினார். நடுவில் 27 வருஷம். 2010-ல் அந்த சீரியல் மூடப்போகிறது என்று தெரிந்ததும், தானே வந்து அதே பழைய கேரக்டரில் ஒரு எபிசோட் நடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையில் பாதி அதனால்தான்.

பிராட் பிட், லியோனார்டோ டிகாப்ரியோ பெயர்களும் இந்தப் பட்டியல்களில் வரும். நான் சேர்க்க மாட்டேன். பிட் 1987-ல் ‘அனதர் வேர்ல்டு’ சீரியலில் இரண்டே எபிசோட் தலைகாட்டினார், டிகாப்ரியோ 1990-ல் ‘சான்டா பார்பரா’ சீரியலில் ஒரு பெரிய கேரக்டரின் சின்ன வயசுப் பையனாகச் சில எபிசோடுகள் வந்தார். அதைப் போய் சீரியலில் வளர்ந்தவர் என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: சீரியலில் பெயர் வாங்கியாயிற்று, நேராக சினிமாவுக்குப் போக வேண்டியதுதானே? நடுவில் எதற்கு இந்தப் பிரைம் டைம்?
– நாடகக் குழு வைத்திருப்பவர்

நேராகப் போனவர்களும் உண்டு. கேத்லீன் டர்னர் ‘தி டாக்டர்ஸ்’ சீரியலிலிருந்து 1981-ல் ‘பாடி ஹீட்’ படத்துக்குத் தாவினார், முதல் படமே ஹிட். ஆனால் அப்படித் தாவியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கு நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. பத்திரிகைகள் ‘சீரியலிலிருந்து ஹாலிவுட்டுக்கு’ என்று ஒரே வரியில் தாண்டிப்போவது அந்தக் காலத்தைத்தான், என் கணக்கில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பிரையன் க்ரான்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-லிருந்து 1985 வரை ‘லவிங்’ என்ற பகல் சீரியலில் நடித்தார். வெளியே வரும்போது வயது 29. அதற்கப்புறம்? விளம்பரப் படம், யாருடைய தொடரிலோ ஒரு வார கெஸ்ட் ரோல், மறுபடியும் விளம்பரம். 1994-லிருந்து ‘சைன்ஃபெல்டு’ காமெடித் தொடரில் அவ்வப்போது வந்துபோகும் பல் டாக்டர். 1998-ல் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில் ஒரே ஒரு எபிசோட். அதில் அவர் வாயைத் திறந்தாலே வெறுப்பு கொட்டும் ஒரு ஆள், ஆனால் அவன் சாகும்போது பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்க வேண்டும். அந்த எபிசோடை எழுதியவர் வின்ஸ் கில்லிகன்.

2000-ல் ‘மால்கம் இன் தி மிடில்’ வந்தது, ஆறு வருஷம் அசட்டு அப்பாவாகவே நடித்தார். நாடே சிரித்தது. அது முடிந்த பிறகு கில்லிகன் ஒரு புதுத் தொடர் எடுக்கப்போனார், புற்றுநோய் வந்த வேதியியல் வாத்தியார் போதை மருந்து காய்ச்சும் கதை. க்ரான்ஸ்டன்தான் வேண்டும் என்றார். சேனல்காரர்களுக்கு அவநம்பிக்கை, ஜட்டியோடு ஓடுகிற காமெடி அப்பாவா இதற்கு? கில்லிகன் வாதாடிக்கொண்டிருக்காமல் 1998-ல் எடுத்த அந்த ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டினார். ‘பிரேக்கிங் பேட்’ 2008 ஜனவரியில் ஒளிபரப்பானபோது க்ரான்ஸ்டனுக்கு 51 வயது. அந்த ஒரு கேரக்டருக்கு நாலு தடவை சிறந்த நடிகருக்கான எம்மி. அப்புறம்தான் ‘ட்ரம்போ’ படமும் ஆஸ்கர் நாமினேஷனும்.

பகல் சீரியலை விட்டதிலிருந்து ‘பிரேக்கிங் பேட்’ வரைக்கும் எண்ணினால் 23 வருஷம். இதில் எந்த வருஷத்தை எடுத்துவிட்டால் கதை நிற்கும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். பகல் சீரியல் அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் வரும் நடிகர் வேலையைக் கொடுத்தது. ஆனால் இந்த ஆளால் வேறு மாதிரியும் நடிக்க முடியும் என்பதற்குச் சாட்சி, ராத்திரித் தொடர்களில் போட்ட ஒரு வார வேஷங்கள்தான். சினிமாக்காரர்களோ பெரிய தொடர் எடுப்பவர்களோ மத்தியானம் உட்கார்ந்து சீரியல் பார்ப்பதில்லை, அவர்கள் கண்ணில் படுவது ராத்திரி வருவதுதான். ஆகவே சின்ன ரோல் என்று ஒதுக்காதீர்கள் என்று உங்கள் குழுப் பையன்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல சினிமா வாய்ப்பு வந்தால் சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாதா?
– பெயர் எழுதாதவர்

முடியாது. பகல் சீரியல் ஒப்பந்தம் மூன்று, நாலு வருஷத்துக்குப் போடுவது வழக்கம். அதில் ஒரு வேடிக்கை, 13 வாரத்துக்கு ஒருமுறை கம்பெனி நினைத்தால் நடிகரைக் கழற்றிவிடலாம், நடிகர் நினைத்தால் கழன்றுகொள்ள முடியாது. அதனால்தான் பலரும் ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் வெளியே வந்திருக்கிறார்கள். வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும், இப்போது விட்டால் இனி விட முடியாது என்று தோன்றும். மறுபடியும் கையெழுத்துப் போட்டால் சம்பளம் கூடும், வீட்டுக் கடன் வரும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பிப்பார்கள், முடிந்தது.

ராத்திரி ஒப்பந்தமும் லேசுப்பட்டதில்லை. டாம் செல்லெக் 1974-75-ல் ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’ பகல் சீரியலில் இருந்தவர், பிறகு ‘மேக்னம்’ தொடருக்குக் கையெழுத்துப் போட்டார். அதே சமயத்தில் ஸ்பீல்பெர்க்கும் ஜார்ஜ் லூகாஸும் இண்டியானா ஜோன்ஸ் வேஷத்துக்கு அவரைத்தான் கேட்டார்கள். சேனல் விடவில்லை. வேஷம் ஹாரிசன் ஃபோர்டுக்குப் போயிற்று. கொடுமை என்னவென்றால், 1980-ல் நடிகர்கள் வேலைநிறுத்தம் வந்து ‘மேக்னம்’ ஷூட்டிங்கே தள்ளிப்போனது, மனுஷன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ‘மேக்னம்’ எட்டு வருஷம் ஓடியது, அதனால் ரொம்பவும் பரிதாபப்பட வேண்டாம்.

கேள்வி: நடிகர் போய்விட்டால் அங்கேயும் ‘இவருக்குப் பதில் இவர்’தானா?
– தீவிர சீரியல் ரசிகை

அதேதான் அம்மா, ஒரு குரல் வந்து அறிவித்துவிட்டுப் போகும். இதில் உச்சம் 1968-ல் நடந்தது. ‘தி சீக்ரெட் ஸ்டார்ம்’ சீரியலில் நடித்துக்கொண்டிருந்த கிறிஸ்டினா க்ராஃபோர்டு ஆஸ்பத்திரியில் சேர, அவருக்குப் பதில் வந்தவர் அவருடைய அம்மா, ஹாலிவுட்டின் பழைய மகாராணி ஜோன் க்ராஃபோர்டு. இருபது சொச்சம் வயசுப் பெண் வேஷத்தில் அறுபது தாண்டியவர். நாலு எபிசோட் அப்படியே ஓட்டினார்கள்.

கேள்வி: ‘பிளாக் பாந்தர்’ ஹீரோவும் வில்லனும் ஒரே சீரியலில் ஒரே கேரக்டராக நடித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். கதை விடுகிறார்களா?
– சினிமா பைத்தியம்

நிஜம். 2003-ல் ‘ஆல் மை சில்ட்ரன்’ சீரியலில் ரெஜி என்ற கறுப்பினப் பையன் வேஷம் முதலில் ஹீரோ சாட்விக் போஸ்மேனுக்குத்தான் போனது. அப்பா ஓடிப்போய்விட்டார், அம்மா போதைக்கு அடிமை, பையன் ரவுடிக் கும்பலில். கறுப்பினத்தவர் என்றால் இப்படித்தானா என்று அவர் எழுத்தாளர்களிடம் மரியாதையாகத்தான் கேட்டார். சீக்கிரமே வேலை போய்விட்டது. பதிலுக்கு வந்தவர் வில்லன் மைக்கேல் பி. ஜோர்டன், அப்போது 16 வயது, 2006 வரை நடித்தார். பல வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கொடுத்த பேட்டியில் போஸ்மேன் இதைச் சொன்னார். தன்னை அனுப்பிவிட்டாலும் தான் சொன்னதில் சிலவற்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பின்னால் வந்தவருக்கு அது உதவியது என்று.

இரண்டு பேரும் அங்கிருந்து போன வழியைப் பாருங்கள். போஸ்மேனுக்குப் பத்து வருஷம் கெஸ்ட் ரோல்களும் ராத்திரித் தொடர்களும், அப்புறம் 2013-ல் ‘42’ படம். ஜோர்டன் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ போன்ற பிரைம் டைம் தொடர்களில் வளர்ந்து அதே 2013-ல் ‘ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்’, 2015-ல் ‘க்ரீட்’. 2018-ல் ‘பிளாக் பாந்தர்’ படத்தில் இருவரும் மோதிக்கொண்டதை உலகமே பார்த்தது. வேலை போனது நல்லதற்குத்தான் என்று நான் சொல்லப்போவதில்லை, கேள்வி கேட்டதற்காக ஒரு பையனை அனுப்பியது அநியாயம்தான்.

கேள்வி: பெண்களுக்கு அழகு இருந்தால் போதும், எளிதாகத் தாவிவிடலாம் இல்லையா?
– ஒரு வாசகர்

இல்லை. அந்த செட்டுகளில் அழகில்லாதவர்களை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும், அங்கே அது தகுதியே இல்லை. டெமி மூர் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ சீரியலை விட்டது 1984 வாக்கில், ‘கோஸ்ட்’ படம் வந்தது 1990-ல். ஈவா லங்கோரியாவுக்குத்தான் இடைவெளி குறைவு, 2003-ல் பகல் சீரியலை விட்டார், 2004-ல் ‘டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்’ என்ற ராத்திரித் தொடர்.

கேள்வி: கடைசி வரை சீரியலிலேயே இருந்தவர்கள் தோற்றவர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

சூசன் லூச்சியிடம் கேட்டால் சிரிப்பார். 1970-ல் ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடங்கியபோது எரிக்கா கேன் என்ற அடங்காத பெண்ணாக வந்தவர், 2011-ல் அந்த சீரியல் ஏபிசி சேனலில் முடியும்வரை அதே கேரக்டர். எம்மிக்கு 18 தடவை நாமினேட் ஆகி 18 தடவையும் தோற்று, கடைசியில் 1999-ல் பத்தொன்பதாவது தடவை கிடைத்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டி நிறுத்தவே இல்லை. அமெரிக்காவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஒரு கேரக்டரை இருபது வயசிலிருந்து அறுபது தாண்டும்வரை நடித்துப் பார்க்கிற வாய்ப்பு எந்த சினிமா நடிகைக்குக் கிடைக்கும், டீச்சர்? எனக்கென்னவோ அதில் ஒரு பொறாமைகூட உண்டு.

கேள்வி: நம்மூரில் மத்தியான சீரியலிலிருந்து யாரும் வரவில்லையே?
– ஒரு வாசகர்

நம்மூரில் மதியம் வருவதும் ராத்திரி ஒன்பது மணிக்கு வருவதும் ஒரே அச்சுதான், நேரம் மட்டும்தான் வேறு. ஆனால் சீரியலிலிருந்து வந்தவர்கள் உண்டு. மாதவன் இந்தி சீரியல்களில் நடித்துக்கொண்டிருந்தவர்தான், ‘அலைபாயுதே’ 2000-ல்.

கேள்வி: இன்றைக்கும் அந்த வழி திறந்திருக்கிறதா? என் அண்ணன் மகள் அமெரிக்காவில் நடிப்புப் படிக்கிறாள்.
– ஒரு சித்தப்பா

பாதி மூடிவிட்டது. 1970 வாக்கில் ஒரே சமயத்தில் 19 பகல் சீரியல்கள் ஓடின. பெண்கள் வேலைக்குப் போனார்கள், கேபிள் டிவி வந்தது, 1995-ல் ஓ.ஜே. சிம்ப்சன் என்ற பிரபல விளையாட்டு வீரர் மேல் நடந்த கொலை வழக்கை மாசக்கணக்கில் பகலெல்லாம் நேரலையாகக் காட்டியதில் பழக்கம் விட்டுப்போன பார்வையாளர்கள் பலர் திரும்பவே இல்லை. நியூயார்க்கில் எடுத்த சீரியல்கள் 2009-லிருந்து வரிசையாக நின்றன, அதோடு மேடை நடிகர்களுக்கு இருந்த பகல் சம்பளமும் போயிற்று. ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022-ல் டிவியை விட்டு ஓடிடிக்கே போய்விட்டது. 2025 பிப்ரவரியில் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, 1999-க்குப் பிறகு பெரிய சேனல் ஒன்றில் வந்த முதல் புது பகல் சீரியல் அது.

அதனால் பெண்ணிடம் சொல்லுங்கள், ஆடிஷன் வந்தால் போகட்டும், இன்றைக்கும் வேகத்தைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் என்று போட்டிருக்கிறது, வெளியே கெஸ்ட் ரோல் செய்ய அனுமதி உண்டா, இந்த இரண்டையும் ஒரு வக்கீலை வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.